செஸ்னா 172என்: 160 குதிரையையே ஓவர்ஹால் பண்ணவா, 180 மாட்டவா?

பாளை வானம்பாடி:

வணக்கம் அண்ணாச்சி எல்லாருக்கும். நாலு பேர் கூட்டா வச்சிருக்க 172என், நாலு சீட்டுக் குட்டி விமானம், 1978 மாடல். இன்ஜின் லைக்கோமிங் ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைசக்தி. இன்ஜின் 1,940 மணி ஓடிட்டு, 2,000-ல ஓவர்ஹால். எப்படியும் கழட்டப் போறோம், அந்தக் கையோட 180 குதிரை ஓ-360 மாட்டிருவோம்னு ரெண்டு பேர் சொல்லுதாங்க. இருக்கதையே ஓவர்ஹால் பண்ணுவோம்னு மத்த ரெண்டு பேர்.

பறக்கது பெரும்பாலும் வாகைக்குளத்துல (தூத்துக்குடி ஏர்போர்ட்) இருந்து. மேக்க மலையைத் தாண்டித் திருவனந்தபுரம், வடக்க சென்னை. நாலு பேரும் ஏறினா சராசரி ஆளுக்கு 80 கிலோ. சித்திரை வைகாசி வெயில்ல ஏத்தம் ரொம்ப மந்தமா இருக்கு. வேகமும் கூடினா நல்லதுதான். எஸ்.டி.சி. (விமானத்துல மாத்தம் பண்ணக் கொடுக்கிற அனுமதி) வாங்கினா மொத்த எடையை 1,043 கிலோவுல இருந்து 1,157 கிலோவுக்கு உயர்த்தலாம்னும் போட்டிருக்கான். காசு ஒருபக்கம் கிடக்கட்டும். நிஜமாவே என்ன கிடைக்கும், என்ன போகும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வல்லநாட்டுக் கணக்கு:

வேகத்தை முதல்ல மறந்துருங்க. நேர்மட்டமா பறக்கும்போது தேவைப்படுற பவர் வேகத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும். 160-ஐ 180 ஆக்கினா பவர் நூத்துக்குப் பன்னிரண்டரை கூடும், வேகம் நூத்துக்கு 4தான் கூடும். 172என் 8,000 அடியில 75 சதவீதத்துல 122 நாட் (மணிக்கு 122 கடல் மைல்) போகும். அது 127 ஆகும், அவ்வளவுதான்.

வாகைக்குளம் டு சென்னை நேர்கோட்டுல ஏறக்குறைய 285 கடல் மைல். காத்து இல்லேன்னு வச்சுக்கிட்டா 140 நிமிஷம் 135 நிமிஷமா குறையும். 75 சதவீதத்துல ஓ-320 மணிக்கு 33 லிட்டர் குடிக்கும், ஓ-360 ஏறக்குறைய 37. அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்க ஆறு லிட்டர் அவ்காஸ் (விமான பெட்ரோல்) கூடுதல். டேங்க் அதே 151 லிட்டர்தான், அதனால வானத்துல நிக்கிற நேரம் 4.6 மணியில இருந்து 4.1 மணிக்கு இறங்கிரும்.

இதுல ஒண்ணு கவனிங்க. எரிபொருள் போறது இன்ஜின் அளவைப் பொறுத்து இல்ல, நாம எடுக்கிற பவரைப் பொறுத்து. 180-ஐ 67 சதவீதத்துல ஓட்டினா அதே 120 குதிரை, அதே வேகம், ஏறக்குறைய அதே லிட்டர். த்ராட்டிலைப் பின்னால இழுக்கிற கை இருந்தா தூரம் குறையாது. வாங்கினவங்க முக்காவாசிப் பேர் இழுக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

கூடுற குதிரை போய்ச் சேர்ற இடம் ஏத்தம். 172என் கையேட்டுல கடல்மட்டத்துல 1,043 கிலோவுக்கு நிமிஷத்துக்கு 770 அடி. அந்த எடையை அந்த வேகத்துல தூக்க மட்டும் 54 குதிரை. ஏறும் வேகத்துல ப்ரொப்பெல்லர் திறன் 70 சதவீதம்னு வச்சா 160-ல 112 குதிரைதான் காத்துக்குப் போய்ச் சேருது. அப்போ விமானம் கீழ இறங்காம மட்டமா நிக்கவே 58 குதிரை செலவு. 180-ல 126 கிடைக்கும். 58 போக மிச்சம் 68. ஏத்தம் 970 அடிக்குப் பக்கம் வரும். இன்ஜின்ல எட்டுல ஒரு பங்கு கூடினா ஏத்தத்துல நாலுல ஒரு பங்கு கூடுது.

இப்போ அந்த எடை உயர்வை எடுத்துக்கிட்டு 1,157 கிலோவும் நிரப்புங்க. மட்டமா நிக்கவே 68 குதிரை ஆயிரும், மிச்சம் 58. அதை வச்சு அந்தக் கனத்தைத் தூக்கினா 750 அடி. போட்ட காசு முழுக்கக் கரைஞ்சு பழைய இடத்துக்கே வந்தாச்சு. நம்பலேன்னா தொழிற்சாலையிலேயே 180 குதிரையோட வர்ற 172எஸ் கையேட்டைப் பாருங்க: 1,157 கிலோவுல 730 அடி. உங்க பழைய 172என்-ஐ விட 40 அடி கம்மி.

அதனால ஏத்தம் வேணுமா, சுமை வேணுமான்னு நாலு பேரும் முதல்ல உக்காந்து பேசுங்க. ஒரே 20 குதிரை, ரெண்டு வீட்டுக்குப் பங்கு வைக்க முடியாது.

வெயில் விஷயம்: 40 டிகிரியில வாகைக்குளத்துலயே அடர்த்தி உயரம் 3,000 அடிக்குப் போயிரும், அதாவது தரையில இருக்க காத்தே 3,000 அடி உயரத்துக் காத்து மாதிரி மெலிஞ்சிரும். இன்ஜின் பவர்ல 9 சதவீதம் தரையிலேயே போச்சு. மந்தம் அதனாலதான்.

பொதிகைச் சாரல்:

கணக்கு அண்ணாச்சி சொன்னதுல கடைசி வரியை மட்டும் திருத்தணும். அடர்த்தி உயரம் 3,000 அடிங்கிறது சரி. ஆனா பவர் 9 சதவீதம் போகாது. வாகைக்குளத்துல காத்தழுத்தம் கடல்மட்ட அழுத்தம்தான், கூடியிருக்கது வெப்பம் மட்டும். வெப்பத்துக்கான திருத்தம் தனி வெப்பநிலையோட வர்க்கமூலம்: 288-ஐ 313-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.96. லைக்கோமிங் பவர் வரைபடத்துலயும் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு சதவீதம்னுதான் இருக்கும். ஆக இன்ஜின் இழக்கிறது 4, நாலரை சதவீதம். மீதி மந்தம் ப்ரொப்பெல்லரும் இறக்கையும் மெலிஞ்ச காத்துல வேலை செய்றதால வருது. இன்ஜினைப் பெருசாக்கினாலும் அந்தப் பாதி அப்படியேதான் நிக்கும்.

மலை விஷயம் இதைவிட முக்கியம். வாகைக்குளத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோடு போட்டா அகத்தியர் மலைக்குத் தெக்க ஒட்டிப் போகும். உச்சி 1,868 மீட்டர், அதாவது 6,129 அடி. மேல 2,000 அடி இடைவெளி வச்சா 8,500 அடி. மலை புறப்பட்ட இடத்துல இருந்து 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வெயில்ல சராசரி 400 அடிதான் ஏறுதுன்னாலும் 21 நிமிஷம், 55 கிலோமீட்டருக்குள்ள உயரம் வந்திரும். 180 இருந்தா 40, 42 கிலோமீட்டர். ரெண்டுமே மலைக்கு முன்னாலதான். மலைக்காகப் பெரிய இன்ஜின்கிறது காரணமே இல்ல.

ஆனி ஆடியில தென்மேற்குக் காத்து மலையைத் தாண்டி நம்ம பக்கம்தான் சரியும். கேரளாக்காரனுக்கு அது ஏறு காத்து, திருநெல்வேலிக்காரனுக்கு இறங்கு காத்து. மேக்க போகும்போது எந்த இடத்துல உயரம் வேணுமோ சரியா அந்த இடத்துலதான் காத்து நம்மைக் கீழ அமுக்கும். காத்து பலமா இருக்க அன்னைக்கு அந்தச் சரிவு நிமிஷத்துக்கு 1,000 அடியைத் தாண்டும். உங்க 20 குதிரை கொடுக்கிறது 200 அடி. அன்னைக்கு வழி ரெண்டுதான்: காலையில வெள்ளனப் போறது, இல்லேன்னா தெக்க ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சுத்துறது. கணவாய்க்குள்ளயும் காத்து பிச்சுக்கிட்டுப் போகும், முப்பந்தல்ல சும்மாவா அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கான். அந்தப் பக்கம் மகேந்திரகிரி, கூடங்குளம் ரெண்டும் இருக்கு, வரைபடமும் நோட்டமும் (விமானிகளுக்கான அறிவிப்பு) பாக்காம கிளம்பாதீங்க.

பாளை வானம்பாடி:

அருமை. எடை உயர்வு எடுத்தா ஏத்தம் போயிரும்கிறது எங்க யாருக்குமே தோணல. ஆனா நாலு பேர், முழு டேங்க்னா இப்பவே எடை தாண்டுதே? காலி எடை 650 கிலோ.

வல்லநாட்டுக் கணக்கு:

1,043-ல 650 போக 393 கிலோ. நாலு பேர் 320. முழு டேங்க் 151 லிட்டர், லிட்டருக்கு 0.72 வச்சா 109 கிலோ. மொத்தம் 429. ஆமா, 36 கிலோ தாண்டுது. ஆனா திருவனந்தபுரத்துக்கு எதுக்கு முழு டேங்க்? 67 கடல் மைல், 35 நிமிஷம். போக வர 40 லிட்டர், ஏத்தத்துக்குக் கொஞ்சம், 45 நிமிஷக் கையிருப்பு 25 லிட்டர். 75 லிட்டர் போதும், 54 கிலோ. ஆக 374, பைக்கு 19 கிலோ இடம் பாக்கி. சென்னைக்கு நாலு பேரும் போகணும்னா மட்டும்தான் எடை உயர்வுக்கு வேலை. வருஷத்துக்கு எத்தனை தடவை அப்படிப் போறீங்கன்னு எண்ணிப் பாத்துக்கோங்க.

திருகுசாவி:

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) பக்கத்துல இருந்து சொல்லுதேன். மேல ரெண்டு அண்ணாச்சியும் இன்ஜினோட பேரைக் கவனிக்கல. எச்2ஏடி. அதுதான் இதுல முதல் விஷயம்.

1977-ல இந்த இன்ஜின் வந்த நாள்ல இருந்தே கேம், டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகங்கள்) தேய்மானம் இதுக்குத் தலைவலி. லைக்கோமிங்ல கேம் ஷாஃப்ட் க்ராங்குக்கு மேல இருக்கு. இன்ஜின் சும்மா நிக்கும்போது எண்ணெய் வடிஞ்சு கேம் வெறும் உலோகமா நிக்கும். எச்2ஏடி-யில டாப்பெட் வடிவமும் வேற, அதனால தேய்மானம் இன்னும் வேகம். எல்.டபிள்யூ-16702 சேர்மத்தை எண்ணெய்ல சேக்கணும்னு 1980-லயே கட்டாய உத்தரவு போட்டாங்க. ரெண்டு மேக்னெட்டோவும் (தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கருவி) ஒரே கூட்டுல, ஒரே தண்டுல சுத்தும். அந்தத் தண்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு தீப்பொறியும் சேந்தே போகும். ஓ-360-ஏ4எம்-ல ரெண்டும் தனித்தனி. 172பி-யில (172P) இருக்க மாதிரி ஓ-320-டி2ஜே இருந்திருந்தா பேசாம ஓவர்ஹால் பண்ணுங்கன்னு சொல்லிருப்பேன். எச்2ஏடி-ங்கிறதால 180 பக்கம் தராசு சாயுது. அதுக்குக் காரணம் குதிரை இல்ல, கேமும் மேக்னெட்டோவும்.

வாகைக்குளத்துல நிறுத்துறதா இருந்தா இன்னொண்ணு. கிழக்க உப்பளம், உப்புக் காத்து. எந்த லைக்கோமிங்கா இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் 80 டிகிரி செல்சியஸ் தாண்டுற மாதிரி ஒரு மணி நேரம் பறக்கணும். தரையில ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துறது கெடுதல். உள்ள ஈரம் சேரும், ஆவியாகாது. மாசத்துக்கு ஒருக்கா பறக்கிற ஆளு 180 மாட்டினாலும் ஆறு வருஷத்துல துருப்பிடிச்ச கேம்தான்.

மாட்டுற வேலைக்கு வருவோம். ஓ-320-க்கும் ஓ-360-க்கும் சிலிண்டர் துளை ஒண்ணுதான், 5.125 அங்குலம். ஸ்ட்ரோக் 3.875-ல இருந்து 4.375 ஆகுது. வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதை நம்பி ‘போல்ட் மாத்தி மாட்டிரலாம்’னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இன்ஜின் மவுன்ட்ல கோனிக்கல், டைனஃபோக்கல்னு ரெண்டு ஜாதி. டைனஃபோக்கல்லயும் கோணம் வேற வேற. எஸ்.டி.சி. வரைபடத்துல என்ன சட்டம், என்ன ரப்பர் எண் இருக்கோ அதுதான். பழைய ரப்பரைத் திரும்பப் போடாதீங்க. இன்ஜின் ரெண்டு மில்லி தொங்கினாலும் ஸ்பின்னர் (ப்ரொப்பெல்லர் மூக்குக் கூம்பு) கவ்லிங்ல (இன்ஜின் மூடி) உரசும், கார்ப்பரேட்டர் ஹீட் கேபிள் இழுபடும்.

ப்ரொப்பெல்லர் கண்டிப்பா மாறும். பழசை வச்சு ஓட்ட முடியாது, 160-க்கு வெட்டின பிட்ச் (ப்ரொப்பெல்லர் அலகோட சாய்வு) 180-ல செவப்புக் கோட்டைத் தாண்டிச் சுத்தும். மாட்டினதும் காத்தில்லாத நேரத்துல ப்ரேக் பிடிச்சு முழு த்ராட்டில் கொடுத்து நிலை ஆர்.பி.எம். பாக்கணும். எஸ்.டி.சி.-யில மேல கீழ ரெண்டு எல்லை கொடுத்திருப்பான். 172எஸ்-க்கு 2,300-ல இருந்து 2,400. கீழ நின்னா இன்ஜின் பலவீனம் அல்லது டேக்கோமீட்டர் பொய். மேல போனா பிட்ச் தப்பு, அல்லது அதே பொய் டேக்கோமீட்டர். அதனால முதல்ல ஆப்டிக்கல் டேக்கோ வச்சு மீட்டரைச் சரிபாருங்க. சில இன்ஜின், ப்ரொப்பெல்லர் ஜோடிக்குத் தடை எல்லை உண்டு. செரோக்கி 180-ல 2,150 டு 2,350-ல தொடர்ந்து ஓட்டக்கூடாதுன்னு பலகை ஒட்டியிருக்கும். அதிர்வுல ப்ரொப்பெல்லர் விரிசல் விடும்.

எரிபொருள் ஓட்டம்தான் பலரும் விட்டுர்ற இடம். 172என்-ல பம்ப் கிடையாது, இறக்கையில இருந்து தானா இறங்குறதுதான். புவியீர்ப்பு முறைக்கு விதி: புறப்பாட்டுல இன்ஜின் குடிக்கிறதைப்போல ஒண்ணரை மடங்கு வந்து சேரணும். 180 குதிரை முழு ரிச்ல (கலவையில எரிபொருள் கூட வச்சு) மணிக்கு 60 லிட்டருக்குப் பக்கம், ஆக 90 லிட்டர், நிமிஷத்துக்கு ஒண்ணரை. சோதனை இப்படி: டேங்க்ல குறைஞ்ச அளவு வச்சு, மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, கார்ப்பரேட்டர் வாயில குழாயைக் கழட்டி, அளவுக் கேன்ல நாலு நிமிஷம் பிடிங்க. ஆறு லிட்டர் வரணும். இடது டேங்க் தனி, வலது தனி. பேட்டரி கழட்டி, கேனையும் விமானத்தையும் எர்த் பண்ணி, தீயணைப்பானை வச்சுக்கிட்டு, ஷெட்டுக்கு வெளியதான் செய்யணும். குறைஞ்சா முதல்ல பாக்க வேண்டியது இறக்கைக்கு அடியில இருக்க வென்ட் குழாய். குளவி கூடு கட்டியிருக்கும், நம்ம ஊர்ல அது சாதாரணம். அப்புறம் ஸ்ட்ரெய்னர், அப்புறம் செலக்டர் வால்வு. 160-க்குப் போதுமா இருந்த அடைப்பு 180-ல ஏறும்போது இருமும்.

குளிர்ச்சி: குதிரைக்குத் தக்கபடி சூடும் கூடும், காத்து நுழையற வாய் அதே அளவுதான். சிலிண்டர் தலைக்குச் செவப்புக் கோடு 260 டிகிரி, ஆனா நீண்ட ஆயுசுக்கு 205-க்குள்ள வைக்கணும். எண்ணெய்க்குச் செவப்பு 118. பாளை வெயில்ல இந்த ரெண்டையும் காப்பாத்துறது பேஃபிள் (காத்தைச் சிலிண்டர் பக்கம் திருப்புற தகடு) ரப்பர்தான். சிலிகான் ரப்பர் புதுசு போடுங்க, காத்து அழுத்தத்துல கவ்லிங்கோட ஒட்டுற மாதிரி மடிப்பு முன்னால, உள்பக்கமா நிக்கணும். பின்னால மடிஞ்சு கிடந்தா காத்து சிலிண்டரைத் தொடாமலே மேல கசிஞ்சிரும். இருட்டுல உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியற ஓட்டை எல்லாம் உயர்வெப்ப சிலிகான் பூசி அடைங்க. எண்ணெய் கூலர் எஸ்.டி.சி.-யில சொன்ன அளவு, ‘பழசே நல்லாத்தான் இருக்கு’ன்னு விடாதீங்க.

எடை கூடுதல் பெருசு இல்ல. இன்ஜின், ப்ரொப்பெல்லர், கூலர் எல்லாம் சேத்து 8 கிலோன்னு ஒரு உதாரணக் கணக்கு போடுங்க. ஈர்ப்பு மையத்துல இருந்து ஒண்ணரை மீட்டர் முன்னால அது உக்காருது, காலி விமானத்தோட மையம் 1.8 சென்டிமீட்டர் முன்னால நகரும். முன்னால ரெண்டு கனமான ஆள், பின்னால காலின்னா இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் முழுசா வேணும். கணக்குப் போட்டா மட்டும் பத்தாது, மாட்டினப்புறம் தராசுல ஏத்தி எடை போட்டே ஆகணும்.

கயத்தாறு காத்தாடி:

பேச்சோட பேச்சா மைக்ரோலைட்காரங்களுக்கும் ஒண்ணு. ரோட்டாக்ஸ் 912, 80 குதிரையைக் கொடுத்துட்டு 100 குதிரை மாட்டுறவங்க ரெண்டும் ஒரே உடம்புன்னு நினைக்காங்க. 1,211 சி.சி. 1,352 ஆகுது, கம்ப்ரெஷன் 9-ல இருந்து 10.8 போகுது. 90 ஆக்டேன் குடிச்சது இப்போ 95 கேக்கும். கியர் விகிதம் 2.27 இருந்தது 2.43 ஆகும், பழைய ப்ரொப்பெல்லர் பிட்ச் செல்லாது. கம்ப்ரெஷன் கூடுறதால ஸ்டார்ட் பண்ணும்போது உதைப்பு அதிகம், பலவீனமான பேட்டரியோட சுத்தினா கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும். பெரிய ஆபத்து பெட்ரோல் பங்க்ல இருக்கு. ரோட்டாக்ஸ் ஏத்துக்கிறது நூத்துக்குப் பத்து எத்தனால் வரைதான், இப்போ பங்க்ல வர்றது இருபது. கண்ணாடி அளவுக் குழாய்ல தண்ணி கலந்து குலுக்கிப் பாத்துட்டு ஊத்துங்க. தண்ணிப் பகுதி கூடினா அது எத்தனால்.

பாளை வானம்பாடி:

திருகுசாவி அண்ணாச்சி, அப்போ 180 மாட்டி, எடை உயர்வை எடுக்காம விட்டா? எடுத்தா ஃப்ளாப் (இறங்கும்போது இறக்கைக்குப் பின்னால கீழ சாய்க்கிற தகடு) 40 டிகிரியை 30-க்குக் கட்டுப்படுத்தணும்னும் போட்டிருக்கான். அப்புறம் காகித வேலை?

திருகுசாவி:

எடை உயர்வை விட்டுட்டு இன்ஜினை மட்டும் எடுக்கலாம், அதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஃப்ளாப் 30 கட்டுப்பாடு அந்த எடைக்காகத்தான் வருது. 1,157 கிலோவோட 40 டிகிரி ஃப்ளாப்ல இறங்காம மேல ஏறணும்னா ஏத்தம் பத்தாது.

காகிதம்: அமெரிக்க எஸ்.டி.சி. கையில இருந்தா மட்டும் வி.டி. (இந்தியப்) பதிவு விமானத்துல மாட்ட முடியாது. சி.ஏ.ஆர்-21 விதிப்படி டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அதை ஏத்துக்கணும். அந்த ஏற்பு வர்ற வரைக்கும் பழைய இன்ஜினைக் கழட்டாதீங்க, விமானம் மூக்கில்லாம ஷெட்டுல நிக்கும். எஸ்.டி.சி. வச்சிருக்கவங்ககிட்ட உங்க விமானத்தோட வரிசை எண் போட்ட எழுத்து அனுமதி வாங்குங்க. கூடவே பறப்புக் கையேட்டு இணைப்பும் தொடர் பராமரிப்பு விவரமும் கேளுங்க. அது ரெண்டும் இல்லேன்னா அடுத்த ஏ.ஆர்.சி. (பறக்கத் தகுதி ஆய்வுச் சான்று) நேரத்துல நிக்கும். கையெழுத்துப் போடுறவருக்கு பி1.2 (பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கான) லைசென்ஸ்ல இந்த வகை இருக்கான்னு பாருங்க. காப்பீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே எழுதிருங்க.

மாட்டினப்புறம் முதல் 50 மணி, அல்லது எண்ணெய் குடிக்கிறது ஒரே அளவுல நிக்கிற வரை, சேர்மம் இல்லாத மினரல் எண்ணெய்தான். முதல் பறப்புகள்ல 65-ல இருந்து 75 சதவீதத்துல ஓட்டணும், தாலாட்டக் கூடாது. மெதுவா ஓட்டினா ரிங் சிலிண்டரோட படியாது, சுவர் பளபளன்னு ஆகி எண்ணெய் குடிச்சுக்கிட்டே இருக்கும். புது இன்ஜினோட சர்க்யூட் (ஏறி ஒரு சுத்து சுத்தி இறங்குறது) அடிக்காதீங்க, தரையில நீளமா ஓடவிடாதீங்க. இந்த வேலையை சித்திரையில வைக்காம மார்கழி தைக்குத் தள்ளுங்க. அதுவும் விடிஞ்சதும் கிளம்புற மாதிரி. கவ்லிங்கைக் கழட்டி முதல் எண்ணெய் மாத்தும்போது ஃபில்டரை வெட்டி விரிச்சு, உலோகத் துகள் இருக்கான்னு காந்தத்தை வச்சுப் பாருங்க.